வாசலோடு நின்ற பூட்ஸ்

1979 ஜூலை 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தென்காசி ரயில் நிலையத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதை மழை என்று சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. குடையை விரித்தால் காற்று பிடுங்கியது. மடக்கினால் மூக்குக் கண்ணாடி நனைந்தது. நான்கு முறை விரித்து நான்கு முறை மடக்கினேன். ஐந்தாவது முறை குடைக்கம்பி ஒன்று வளைந்துவிட்டது.

பெட்டிகளை எண்ணினேன். ஈப்போவிலிருந்து புறப்படும்போது பத்தொன்பது. நடைமேடையில் பதினெட்டு. பத்தொன்பதாவதான பூட்ஸ் பெட்டி ரயிலோடு செங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தலைவர் டாக்டர் லிம் சிரித்தார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அங்கிள் என்றார். ஆண்டவர் பார்த்துக்கொள்வதற்காக ஒரு போர்ட்டரைத் தேடிப்பிடித்து செங்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான். பெட்டி மத்தியானம் வந்து சேர்ந்தது. அது அப்படியே தொலைந்து போயிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

நாங்கள் ஏழு பேர். மலேசியாவிலிருந்து எங்கள் திருச்சபை இரண்டாவது ஆண்டாக அனுப்பிய மருத்துவக் குழு. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய குழந்தைகளுக்கு இரும்புக் காலிப்பர் பூட்டி நடக்க வைப்பது வேலை. டாக்டர் லிம் எலும்பு மருத்துவர். அவரோடு இரண்டு நர்ஸுகள், நடைப்பயிற்சி கொடுக்கும் பெண்கள் இரண்டு பேர், கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், நான். எனக்கு வயது அறுபத்தெட்டு. அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் மட்டும். போன வருடம் மொழிபெயர்த்தவர் இந்த வருடம் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் என்னைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

முகாம் தென்காசியில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் பஸ்ஸெல்லாம் வந்து நிற்பது அங்கே. படியே இல்லாத ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தரவும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் போன வருடம் தென்காசியில் புழுக்கமாக இருந்ததாம். அதனால் இந்த வருடம் குற்றாலம், அதுவும் சீசனில், மேட்டின் மேல் ஒரு பங்களா. வாசலுக்குப் படிகள் இருபத்திரண்டு. நடக்க முடியாத குழந்தைகளுக்கு இருபத்திரண்டு படி ஏறும் வீட்டைப் பிடித்தது யார் என்று கேட்டேன். கமிட்டி என்றார்கள். கமிட்டிக்குக் கால் கிடையாது. படி எப்படித் தெரியும்?

எங்களுக்கு அமர்த்தியிருந்த வேனின் ஓட்டுநர் செல்லையா பெட்டிகளை மேலே சுமந்துகொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார். "அண்ணாச்சி, சீசன்ல இங்கன ரூம் கெடச்சதே பெருசு. படியையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்காதீய. எண்ணுனா கொறையவா போவுது?"

குறையாது. ஆனால் எண்ணாதவர்கள் நடத்தும் காரியம் எப்படி முடியும் என்று முப்பத்தோரு வருடம் பார்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்ற ஆறு பேரும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். தேய்த்துவிடுகிறவர் டாக்டர் லிம்மைச் சப்பாத்தி மாவு மாதிரி புரட்டி எடுத்தார். நான் கரையில் நின்று ஆறு பேருடைய துணிகளையும் கைக்கடிகாரங்களையும் காவல் காத்தேன். எனக்குச் சளி பிடிக்கும். அதுவுமில்லாமல், கால் சூம்பிய பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் முதல் வேலையாக முதுகைத் தேய்த்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைத்தெருவில் ரம்புத்தான் விற்றார்கள். ஈப்போவில் எங்கள் கொல்லையில் அது விழுந்து அழுகிக் கிடக்கும், பொறுக்க ஆளிருக்காது. இங்கே பத்துப் பழத்தை ஒரு கொத்தாகக் கட்டிவைத்து, தங்கத்துக்குச் சொல்வது போல விலை சொன்னார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். மோந்ததுக்குக் காசு கேட்க மாட்டேன், ஆனால் வாங்குவதாயிருந்தால் மட்டும் தொடுங்கள் என்றார் கடைக்காரர். வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை முகாம் ஆரம்பித்தது. எட்டு மணிக்கே படியடியில் கூட்டம். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு சாரலில் ஏறி வந்தார்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். பாவூர்சத்திரத்திலிருந்து வந்த ஒருத்தி பதினோராவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஒரு குரங்கு நர்ஸின் கையிலிருந்து கட்டுத்துணிச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறி, நிதானமாக அவிழ்த்துத் தொங்கவிட்டது. கிதார் இளைஞர் அதைப் படம் பிடித்தார். தாய்மார்களைத் தூக்கிவிட வரவில்லை. செல்லையாதான் ஏறி இறங்கினார்.

காலிப்பரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். காலின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கம்பிகள். தொடையில் தோல் பட்டை, முழங்காலில் ஒரு பூட்டு. கம்பிகளின் கீழ்முனை ஒரு கறுப்புத் தோல் பூட்ஸின் குதிகாலில் உள்ள குழாய்க்குள் நுழைந்திருக்கும். பூட்ஸ் இல்லாமல் கம்பி நிற்காது. கம்பி இல்லாமல் பிள்ளை நிற்காது.

போன வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக இருப்புப் பதிவேடு சொன்னது. வளர்ந்த பிள்ளைக்கு அளவு மாற்ற வேண்டும், அதனால் பழையதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்ததை வாங்கி அடுக்கியவன் நான். ஸ்டோர் கீப்பர் எந்தச் சாமானையும் முதலில் திருப்பிப் பார்ப்பான். திருப்பினேன். இருபத்தாறு பூட்ஸுகளின் அடித்தோல் தேயவே இல்லை. மேலே பூஞ்சை பிடித்திருந்தது, சாரல் காற்று பட்டுத் தோல் விறைத்திருந்தது. அடியில் ஒரு கீறல் கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் சபைப் பெண்கள் கேக் சுட்டு விற்றுச் சேர்த்த பணம் அது. கடல் தாண்டி வந்த சாமான். அங்கேயே வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். கொடுத்ததைப் போடாவிட்டால் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். பாவம், வெளிநாட்டுக்காரர், வயதாகிவிட்டது என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் லிம் ஒரு விதி போட்டார். தேய்ந்த பூட்ஸ் கொண்டுவந்த பிள்ளைக்குப் புதியது உண்டு, தேயாததற்குக் கிடையாது. ஸ்டோர் வழக்கப்படி நியாயமான விதி. நானே எழுதியிருப்பேன்.

வரிசையில் வடகரையிலிருந்து வந்த இசக்கியம்மாள் நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் தென்னந்தோப்புகளில் தேங்காய் வெட்டுகிறவர். இடுப்பில் எட்டு வயது மாரி, வலது கால் கயிறு மாதிரி தொங்கியது. பிள்ளை நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டாள், பழைய காலிப்பர் குட்டையாகிவிட்டது. பூட்ஸ் ஏறக்குறையக் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

"ஏம்மா, இதைப் பிள்ளைக்குப் போடவே இல்லையா?"

"போடாம என்ன? எப்பமாச்சும் ரோட்டுக்குப் போவையில போடுதோம்."

"மற்ற நேரம்?"

"மத்த நேரம் வீட்டுக்குள்ளல்லா இருக்கா."

மொழிபெயர்த்தேன். டாக்டர் தலையாட்டிவிட்டு, பயன்படுத்தவில்லை என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

"பூட்ஸு இல்லாத கம்பி இருக்காய்யா?"

அதையும் மொழிபெயர்த்தேன். நர்ஸுகள் சிரித்தார்கள். சக்கரம் இல்லாத சைக்கிள் கேட்கிறாரா என்றார் டாக்டர். அவர் கேலியாகச் சொல்லவில்லை, களைப்பில் சொன்னார். ஆனால் அவளுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் சிரிப்புத் தெரியும். பழைய காலிப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்புக்கு ஏற்றி இறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன், இன்னும் நான்கு வார்த்தை திட்டத்தான். இருபத்திரண்டு படியும் இறங்கிக் கீழே வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே செருப்புகள் கிடந்தன. அத்தனை தாய்மார்களும் படியடியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரக் கல்லில் வெறுங்காலோடு பிள்ளையைச் சுமந்து ஏறியிருக்கிறார்கள். திரும்பி மேலே பார்த்தேன். பங்களா வாசலில் எங்கள் ஏழு ஜோடிகளும் வரிசையாக இருந்தன. என்னுடையது ஓரத்தில்.

இசக்கியம்மாள் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டேன். இந்த முறை மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்னதன் சுருக்கம் இது: பிள்ளையின் நேரமெல்லாம் வீட்டுக்குள்தான் போகிறது. வீட்டுக்குள் பூட்ஸ் நுழையாது. யார் வீட்டில் நுழையும்? போன வருடம் ஆரம்பப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். வகுப்பறை வாசலில் எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும். உள்ளே சரஸ்வதி படம் இருக்கிறது. மாரியும் கழற்ற வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். பூட்ஸைக் கழற்றினால் பிள்ளை விழுந்துவிடும். தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைக்கவா என்று கேட்டதற்கு, தினமும் தூக்க யாரிருக்கிறார்கள், நடந்து வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இந்த ஜூலைக்குள் வந்தால் இடம் உண்டு. எட்டு வயது ஆகிவிட்டது, இதற்கு மேல் ஒன்றாம் வகுப்பில் எடுக்க மாட்டார்.

"இதை அங்கே எல்லார் முன்னாலும் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"இதக்கூட ஒருத்தர் சொல்லணுமாய்யா?" என்றாள்.

அன்று முழுக்க என் கோபம் இடம் தெரியாமல் அலைந்தது. ஈப்போவில் என் வீட்டில் செருப்பு வாசலோடு நிற்கும். டாக்டர் லிம் வீட்டிலும் அப்படித்தான், நான் போயிருக்கிறேன். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, தமிழர் வீடு, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் செருப்போடு உள்ளே போனால் கிழவிகள் சாமி ஆடிவிடுவார்கள். கமிட்டியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் வாசலில் கழற்றுகிறவர்கள். அந்தப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து, வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்து, வீட்டுக்குள் போட முடியாத காலை வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டிக்கு நாடா சுற்றியது நான்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். புரோட்டாவும் கோழியும் நன்றாக இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். டாக்டர் லிம் கவனமாகக் கேட்டார். அது பழக்கவழக்கப் பிரச்சினை அங்கிள், வீட்டுக்குள்ளும் போடச் சொல்லி நாம்தான் எடுத்துச் சொல்லிப் பழக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு பாட்டுக் கட்டலாம் என்றார் கிதார் இளைஞர். நான் பாதி புரோட்டாவில் எழுந்துவிட்டேன். கர்த்தரிடம் அன்று நான் செய்தது ஜெபம் இல்லை, புகார்.

செவ்வாய் முழுக்க டாக்டரை விடாமல் அரித்தேன். ஒரே ஒரு வீட்டைப் பாருங்கள், பிறகு பாட்டுப் பாடுங்கள் என்றேன். தொல்லை தாங்காமல் புதன் மத்தியானம் கிளம்பினார். செல்லையா வேனை எடுத்தார். இலஞ்சி தாண்டும்போதே இன்ஜின் இருமியது. "அதுக்கும் சாரல் ஒத்துக்கிடலை அண்ணாச்சி" என்றார் செல்லையா.

வடகரையில் நெல் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் ஓட்டு வீடு, இரண்டு அறை. இசக்கியம்மாள் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, பக்கத்துக் கடைக்கு ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். வாசல் சுவரில், கூரை இறவாரத்துக்குக் கீழே ஒரு ஆணி. அதில் உரச்சாக்குத் துண்டு சுற்றிய பழைய காலிப்பர் தொங்கியது. இரும்பில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது என்றாள். கம்பிக்குத்தான் பொட்டு, பூட்ஸுக்கு இல்லை.

டாக்டர் லிம் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். இரண்டையும் சேர்த்து, ஆணிக்கு நேர் கீழே, சுவரோரமாக ஒழுங்காக வைத்தார். உள்ளே போனார். என் செருப்பையும் பக்கத்தில் விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

பாயில் உட்கார்ந்தோம். கலர் வந்தது. அடுக்களையிலிருந்து அதைக் கொண்டுவந்தது மாரி. தரையில் உட்கார்ந்தபடி ஒரு டம்ளரை முன்னால் தள்ளிவைப்பாள், கைகளை ஊன்றித் தான் நகர்வாள், மறுபடி டம்ளரைத் தள்ளுவாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டாக்டர் முன்னால் வைத்துவிட்டு இரண்டாவதற்குத் திரும்பிப் போனாள். வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அதைத் துடைப்பதே அவள் பாவாடைதான்.

"டாக்டர், வாசலில் ஷூவை ஏன் கழற்றினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பழக்கம்தான். எங்கள் வீட்டில் போட்டுக்கொண்டு நுழைந்தால் அம்மா துடைப்பத்தால் அடிப்பார்" என்றார்.

சொல்லி முடித்ததும் தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். கலரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அங்கேயே மாரியின் காலை அளந்தார். விதியைத் தளர்த்தி வெள்ளிக்கிழமை புதுக் காலிப்பர் தருவதாகச் சொன்னார். வீட்டுக்குள் போடுவதற்கு என்ன வழி என்று கேட்டேன். கமிட்டியில் வைக்கிறேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பள்ளிக்கூடம் இந்த மாதம் டாக்டர் என்றேன். அங்கீகாரம் இல்லாத பொருளைக் குழந்தையின் காலில் பூட்டி, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. முப்பத்தோரு வருடம் ஸ்டோர் மேசைக்குப் பின்னாலிருந்து நானே அதைக் கேட்டிருக்கிறேன்.

நான் இசக்கியம்மாளிடம் திரும்பினேன். எது வீட்டுக்குள் வரலாம்? துணி ஷூ? செருப்பு செருப்புதான் என்றாள். ரப்பர்? கூடாது என்று தலையாட்டினாள். மரம்?

யோசித்தாள். "கட்டைன்னா சரி. சாமியாருமாரு கட்டைச் செருப்புப் போட்டுத்தான வாராவ. மணையில உக்காருதோம், அருவாமணையில காய் நறுக்குதோம். கட்டை வீட்டுக்குள்ள வராமலா இருக்கு?"

திரும்பும் வழியில் வேன் செத்துவிட்டது. செல்லையா அதோடு நின்றுகொள்ள, கொல்லத்தில் எலுமிச்சை இறக்கிவிட்டுப் புளியங்குடிக்குத் திரும்பிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. முன்னால் ஓட்டுநரோடு இரண்டு சுமைக்காரர்கள் இருந்ததால், ஒரு எலும்பு டாக்டரும் ஒரு பழைய ஸ்டோர் கீப்பரும் பின்னால் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்தோம். சட்டை, தலை, குடை எல்லாம் எலுமிச்சை வாசனை. நடக்க வைக்க வந்தோமா, பூட்ஸ் கொடுக்க வந்தோமா என்று காற்றுக்கு மேலே கத்திக் கேட்டேன். நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் அங்கிள் என்று அவரும் கத்தினார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை புதுப் பூட்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசியில் ஒரு மாட்டுவண்டிப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி வேலையில் மும்முரமாக இருந்தார். பூட்ஸைப் பார்த்துவிட்டு, உங்களுக்கா என்று கேட்டார். பிள்ளைக்கு என்றேன். பாதத்தின் அளவில் ஒரு கட்டை, குதிகாலில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய், மேலே துணிவார். கம்பி பூட்ஸில் நுழைவது போலவே இதிலும் நுழைய வேண்டும். வெளியே பூட்ஸ், உள்ளே கட்டை, வாசலில் மாற்றிக்கொள்ளலாம். மாமரத்தில் செய்தார். குழாய்க்குத் துளை போடும்போது இரண்டாகப் பிளந்தது. என்மேல் எரிந்து விழுந்தார், நானும் விழுந்தேன். பிறகு நுகத்தடிக்கு வைத்திருந்த மஞ்சணத்தி மரத்துண்டில் செய்தார். அது இலேசாகவும் இருந்தது, பிளக்கவும் இல்லை. ஆனால் பட்டறையின் சிமெண்டுத் தரையில் வழுக்கியது. அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணியடித்தார்.

வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள் முகாமுக்கு வந்தபோது எனக்கு அந்த டியூபைப் பற்றித்தான் பயம். ரப்பர் கூடாது என்றவள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது டியூப்புல்லா?" என்றாள்.

"ஆமாம்."

"டியூப்புன்னா தப்பில்ல."

ஏன் தப்பில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் இருந்திருக்கும். டாக்டர் லிம் புதுக் காலிப்பரைப் பூட்டி அளவு சரிபார்த்தார். கட்டையைக் கையில் எடுத்துக் குழாயைத் தடவிப் பார்த்தார். நான் இதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, துணிவார் பிள்ளையின் கணுக்காலை அறுக்காமலிருக்க எங்கே பஞ்சு வைக்க வேண்டும் என்றும் காட்டினார்.

சனிக்கிழமை குழு கன்னியாகுமரிக்குச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டது. நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை செல்லையாவும் நானும் பஸ்ஸில் வடகரைக்குப் போனோம். பஸ்ஸில் என் மடியில் யாரோ ஒருவருடைய சேவல் உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் தூங்கிவிட்டார்.

வீட்டுக்குள் மாரி சுவரைப் பிடித்து நின்றாள். முழங்கால் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து முன் அறைக்கு வந்தாள். கட்டை தரையில் டக் என்றது, நல்ல கால் சத்தமில்லாமல் வந்தது, மறுபடி டக். நடுவில் ஒரு தடவை சாய்ந்தாள். செல்லையா பாய்ந்தார். "விடுங்க, அவ நிப்பா" என்றாள் தாய். நின்றாள். நேராகப் போய்ச் சுவரிலிருந்த விளக்கு சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். எட்டு வருடமாக அந்த வீட்டில் அவளுக்கு எட்டாத ஒரே சாமான் அது இல்லை, ஆனால் அதைத்தான் முதலில் தொட்டாள்.

"ஏட்டி, கரண்டு பில்லு ஒங்கப்பனா கட்டுவான்?" என்றாள் இசக்கியம்மாள். அப்பன் கட்டாமல் யார் கட்டுவார் என்று செல்லையா கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டைச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்றாள்.

திங்கள் காலை பள்ளிக்கூடம். சாரல் நின்று வெயில் அடித்தது. தலைமை ஆசிரியர் வகுப்பறை வாசலில் நின்றிருந்தார். பூட்ஸோடு வந்த பிள்ளையைப் பார்த்து, போன வருடமே சொன்னேனே என்று ஆரம்பித்தார். மாரி வாசல்படியில் உட்கார்ந்தாள். கம்பியைப் பூட்ஸிலிருந்து உருவினாள். பூட்ஸைச் செருப்பு வரிசையில் மற்றவற்றோடு வைத்தாள். தாய் மடியிலிருந்து கட்டையை எடுத்துக் கொடுக்க, கம்பியை அதில் நுழைத்தாள், வாரைக் கட்டினாள், தூணைப் பிடித்து எழுந்தாள். தலைமை ஆசிரியர் குனிந்து கட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது என்னது?"

"கட்டை" என்றாள் இசக்கியம்மாள். "மஞ்சணத்தி."

"அப்பம் சரி" என்றார்.

அவ்வளவுதான். அப்பம் சரி. அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு வருடம் அந்தப் பிள்ளை தரையைத் துடைத்திருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மாரி உள்ளே போய் சரஸ்வதி படத்துக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கத்துப் பையன் கம்பியைத் தொட்டுப் பார்க்க, அவன் கையில் ஓர் அடி வைத்தாள். நான் வெளியே வந்து தலைமை ஆசிரியரிடமும் செல்லையாவிடமும் பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு முன்பின் தெரியாதவரிடமும் கோபப்பட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மீதி இருபத்தைந்து பூட்ஸுகள் நினைவுக்கு வந்தன. தென்காசியில் இறங்கி நேராகப் பட்டறைக்குப் போய், என் குறிப்பேட்டிலிருந்த பாத அளவுகளை எழுதிக் கொடுத்து, இருபத்தைந்து கட்டைகளுக்கு முழுப் பணத்தையும் கட்டினேன். செல்லையா ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அஞ்சலட்டை போட்டார்: இருபத்திரண்டு கொடுத்தாயிற்று, மாரி ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் பல்லை உடைத்துவிட்டாள். மீதி மூன்று கட்டைகள் யாரிடம் இருக்கின்றன என்று அவர் எழுதவில்லை. இன்றுவரை தெரியவில்லை. தூக்கம் வராத நேரங்களில் அந்த மூன்றும் நினைவுக்கு வருகின்றன.

ஈப்போ திரும்பியதும் ரசீதுகளைக் கோத்துக் கமிட்டிக்குக் கொடுத்தேன். அங்கீகரிக்கப்பட்ட பொருள் அல்ல என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதே பக்கத்தில் மேலே, குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல், ஏழு பேருக்கு, என்ற செலவு அனுமதிக்கப்பட்டிருந்தது. குளித்தது ஆறு பேர். அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த வருடம் போன குழு முப்பது ஜோடிப் புதுத் தோல் பூட்ஸ் கொண்டுபோனது. என்னைக் கூப்பிடவில்லை.

பிளந்த மாங்கட்டை ஒன்று, மஞ்சணத்திக் கட்டை இருபத்தாறு, குழாய், சைக்கிள் டியூப், பஸ் கட்டணம், குழுவைப் பிரிந்து தனியாகச் சென்னைக்குப் போன ரயில் கட்டணம், எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது முன்னூற்று நாற்பத்தோரு ரூபாய் அறுபது பைசா.